சாகேல் உழவரின் மழைக் கணக்கு

"இந்த ஆண்டு மழை எப்படி?" என்று வானிலை நிலையத்தில் கேட்டால் மில்லிமீட்டரில் ஓர் எண்ணைச் சொல்வார்கள். அதே கேள்வியை மானாவாரி நிலம் வைத்திருக்கும் ஓர் உழவரிடம் கேட்டுப் பாருங்கள். "முதல் மழை நன்றாகப் பெய்தது, விதைத்தோம். பிறகு இருபது நாள் காய்ந்துவிட்டது. கதிர் பிடிக்கும் தருணத்தில் ஒரு மழை கிடைத்திருந்தால் தப்பியிருக்கும்" என்பார். இருவரும் ஒரே வானத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் இருவரும் அளப்பது ஒரே பொருளையன்று. நிலையத்தார் அளப்பது வானிலிருந்து விழுந்த நீரை. உழவர் அளப்பது பயிரின் வேருக்குக் கிடைத்த நீரை.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் தட்பவெப்பநிலை மாறும்போது உழவர் அதனை எவ்வாறு உணர்கிறார், அதற்கேற்பத் தம் தொழிலை எவ்வாறு மாற்றிக்கொள்கிறார் என்பதை அறிய இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடந்த நூற்றாண்டில் இந்தச் சோதனைக்கு மிகக் கடுமையாக ஆளானவர்கள் ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதி உழவர்கள். அவர்கள் கதையை இங்கே காண்போம்.

பாலைவனத்தின் கரை

"சாகேல்" என்பது அரபு மொழிச் சொல். "கரை" என்று பொருள். சகாராப் பாலைவனத்தை ஒரு மணற்கடலாகக் கொண்டால், அதன் தென்கரைதான் சாகேல். மேற்கே அட்லாண்டிக் ஓரத்திலுள்ள செனகலில் தொடங்கி மாலி, புர்க்கினா ஃபாசோ, நைஜர், சாடு ஆகிய நாடுகளின் வழியாகக் கிழக்கே சூடான் வரை இது ஒரு பட்டைபோல நீண்டு கிடக்கிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு மழைக்காலம், ஜூன் முதல் செப்டம்பர் வரை. பட்டையின் வடக்கு விளிம்பில் சுமார் 200 மில்லிமீட்டரும் தெற்கில் சுமார் 600 மில்லிமீட்டரும் பெய்யும். எஞ்சிய எட்டு மாதங்களில் வானம் ஏறக்குறைய வறண்டே இருக்கும்.

இங்கு விளைபவை நமக்கு அந்நியமானவையல்ல. கம்பு, சோளம், தட்டைப்பயறு இவையே முக்கியப் பயிர்கள். கம்பின் தாயகமே இப்பகுதிதான். மாலி நாட்டின் வடகிழக்கில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட, மனிதர் பயிரிட்ட கம்பின் மணிகள் அகழ்வாய்வில் கிடைத்துள்ளன. நம் வீட்டுக் கம்மங்கூழின் மூதாதை சாகேலில் பிறந்தது என்று சொன்னால் தவறில்லை.

1968: வானம் பொய்த்தது

1950களில் சாகேலில் மழை தாராளமாகப் பெய்தது. மக்கள் வடக்கு நோக்கி நகர்ந்து, முன்பு மேய்ச்சல் நிலமாக இருந்த இடங்களிலும் கம்பு விதைத்தனர். 1968இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு தொடங்கிய வறட்சி 1973 வரை நீடித்தது. ஒரு லட்சம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. இறந்த கால்நடைகளின் எண்ணிக்கை இதைப்போலப் பல மடங்கு. 1983, 1984 ஆண்டுகளில் மீண்டும் பெருவறட்சி. 1960களின் தொடக்கத்தில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சாடு ஏரி, 1980களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கியது.

உலகில் ஒவ்வொரு நாட்டிலும் வறட்சி வருவதுண்டு; இரண்டு மூன்று ஆண்டுகளில் நீங்குவதும் உண்டு. சாகேலில் நடந்தது அதுவன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சராசரி மழையே குறைந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் மழைமானிகள் பதிவு செய்த தட்பவெப்ப மாறுதல்களில் இதுவே மிகப் பெரியவற்றுள் ஒன்று.

குற்றவாளி யார்?

இதற்குக் காரணம் யாது? முதலில் பழி விழுந்தது உழவர் மீதும் ஆயர் மீதும்தான். அளவுக்கு மீறி மேய்த்தார்கள், மரங்களை வெட்டினார்கள், நிலத்தைப் பாலைவனமாக்கினார்கள் என்று பேசப்பட்டது. 1975இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜூல் சார்னி என்ற வானிலை அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். புல் போர்த்த நிலத்தைவிட வெறும் மணல் வெளிறியது. ஆகவே சூரிய ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. அதனால் நிலம் பெறும் வெப்பம் குறைகிறது. மேலெழும் காற்றும் குறைகிறது. காற்று மேலெழாவிட்டால் மேகம் ஏது, மழை ஏது?

கருத்து அழகானது, ஒரு பங்கு உண்மையும் அதில் உண்டு. ஆனால் முதன்மைக் காரணம் வேறு இடத்தில் இருந்தது. 1986இல் பிரிட்டிஷ் வானிலைத் துறையைச் சேர்ந்த ஃபாலண்ட், பாமர், பார்க்கர் ஆகிய மூவரும், சாகேலின் வறட்சி உலகக் கடல்களின் மேற்பரப்பு வெப்பநிலையோடு இணைந்து செல்வதைக் காட்டினர். 2003இல் அலெசாண்ட்ரா ஜியானினியும் அவருடைய கூட்டாளிகளும், கடல்நீரின் வெப்பநிலைப் பதிவுகளை மட்டும் கணிப்பொறியில் இட்டுச் சாகேலின் மழை ஏறி இறங்கியதைத் திரும்பப் பெற்றனர்.

இது எவ்வாறு நிகழ்கிறது? வெப்பமண்டலத்தின் மழைப்பட்டை, வெப்பம் மிகுந்த பக்கமாக நகரும் இயல்புடையது. வட அட்லாண்டிக் கடல் குளிர்ந்து, தெற்கிலுள்ள கடல்கள் வெப்பமடைந்தால் மழைப்பட்டை தெற்கே நகரும். பட்டையின் வடக்கு ஓரத்திலுள்ள சாகேல் காய்ந்துபோகும். வட அட்லாண்டிக் அக்காலத்தில் குளிர்ந்திருந்ததில், ஐரோப்பிய, அமெரிக்கத் தொழிற்சாலைகள் வெளியேற்றிய கந்தகப் புகைக்கும் பங்கு உண்டு எனப் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. ஆக, எந்த உழவன் வீட்டு ஆடும் மேயாத நடுக்கடலில்தான் அந்தப் பஞ்சத்தின் வேர் பெரும்பாலும் இருந்தது!

உழவர் எதைக் கண்டார்?

கடலின் வெப்பநிலை உழவருக்குத் தெரியாது. ஆனால் தம் நிலத்தில் நிகழ்ந்ததை அவர் துல்லியமாகக் கண்டார். மழை பிந்தித் தொடங்குகிறது, முந்தி முடிகிறது, இடையில் நீண்ட காய்ச்சல் விழுகிறது. முதல் மழையை நம்பி விதைத்தால் முளை கருகுகிறது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை விதைக்க வேண்டியுள்ளது. உண்ண வைத்திருந்த தானியமே விதையாகிப் போகிறது.

மற்றொரு மாற்றமும் கண்ணில் பட்டது. புல்லும் புதரும் போன நிலத்தில் மழைத்துளி நேராக மோதி மண்ணின் மேல் ஓடுபோன்ற ஒரு கடினப் படலத்தை உண்டாக்கியது. பெய்கிற கொஞ்ச மழையும் உள்ளே இறங்காமல் வழிந்தோடியது. புர்க்கினா ஃபாசோவின் மோசி மக்கள் இத்தகைய மொட்டை நிலத்துக்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்: சிபெல்லே.

இதற்கு அவர்கள் செய்த முதல் மாற்றங்கள் எளியவை. 120 நாள் கம்பை விட்டு 90 நாளில் விளையும் கம்புக்கு மாறினார்கள். மேட்டு நிலத்தை விட்டு ஈரம் தங்கும் தாழ்வான நிலங்களுக்கு இறங்கினார்கள். இளைஞர்கள் கூலி தேடிக் கடற்கரை நாடுகளுக்குச் சென்றனர். பல ஊர்களில் ஆண்டின் பாதி நாள் முதியோரும் பெண்களும் குழந்தைகளுமே இருந்தனர். இதுவும் ஒருவகைத் தகவமைப்புத்தான். ஆனால் விலை மிகுந்தது.

கையளவுக் குழி

புர்க்கினா ஃபாசோவின் வடமேற்கிலுள்ள யாதெங்கா மாவட்டத்தில் 1980ஐ ஒட்டி ஒரு பழைய முறை புத்துயிர் பெற்றது. அதற்கு "சாய்" என்று பெயர். மழைக்கு முன்பே எழுந்து விரைந்து நிலத்தைத் தயார் செய்தல் என்ற பொருளுள்ள மோசிச் சொல்லின் சுருக்கம் இது. முறை இதுதான்: கோடையில், இறுகிய தரையில் சிறு குழிகளை வெட்ட வேண்டும். முன்னோர் வெட்டியவை சிறியவை. யாகூபா சவடோகோ என்ற உழவரும் அவரைப் போன்ற சிலரும் குழியை அகலமாக்கி, ஆழமாக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு கையளவு எருவும் இட்டனர். மழை வந்ததும் குழிக்குள்ளேயே சோளமோ கம்போ விதைத்தனர்.

இச்சிறு குழியால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது சரியாக 1 லிட்டர். குழியின் விட்டம் 30 சென்டிமீட்டர் என்க; வாயின் பரப்பு சுமார் 0.07 சதுர மீட்டர். குழிக்கும் குழிக்கும் இடையே விட்ட இடத்தையும் சேர்த்து ஒரு குழிக்கு 0.7 சதுர மீட்டர் நிலம் என்க. இப்போது 20 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குழிக்குள் நேராக விழுவது 1.4 லிட்டர். சுற்றியுள்ள 0.63 சதுர மீட்டரில் விழுவது 12.6 லிட்டர். இறுகிய தரையாதலால் இதில் பாதி, அதாவது 6.3 லிட்டர், வழிந்து குழிக்குள் வந்து சேர்கிறது. மொத்தம் 7.7 லிட்டர். குழியின் பரப்பால் வகுத்தால் 110 மில்லிமீட்டர்! வானம் கொடுத்தது 20. பயிரின் காலடியில் சேர்ந்தது 110. குழியின் ஆழம் 15 சென்டிமீட்டர் என்றால் அதன் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். ஆகவே நீர் நிரம்பி வழிவதும் இல்லை. எந்தக் கடினப் படலம் உழவனுக்குப் பகையாக இருந்ததோ, அதுவே இப்போது அவனுக்கு நீர் பிடித்துத் தரும் கூரையாகிவிட்டது.

இதில் இன்னொரு கூட்டாளியும் உண்டு: கறையான். எருவின் வாசனைக்குக் குழிக்கு வரும் கறையான்கள் மண்ணைத் துளைத்து நுண்ணிய சுரங்கங்கள் அமைக்கின்றன. அவற்றின் வழியே நீர் ஆழத்துக்கு இறங்குகிறது. எருவை அரைத்து மண்ணோடு கலப்பதும் அவைதாம். நாம் பகையென்று விரட்டும் பூச்சியை அவர் சம்பளமில்லாத உழவாளாக வைத்துக்கொண்டார்.

வேலை எளிதன்று. ஒரு ஹெக்டேருக்கு 12,000 முதல் 15,000 குழிகள். ஓர் ஆள் சுமார் 300 மணி நேரமாவது வெட்ட வேண்டும். அதுவும் கொதிக்கும் கோடையில். ஆனால் பலனும் அதற்கேற்றதே. எதுவுமே விளையாத மொட்டை நிலத்தில், மழையைப் பொறுத்து ஹெக்டேருக்கு 300 முதல் 1,500 கிலோ வரை தானியம் கிடைத்தது. ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போவதா, இருப்பதா என்பதைத் தீர்மானிக்கும் வேறுபாடு இது.

தொடக்கத்தில் சவடோகோவை ஊரார் பைத்தியம் என்றனர். எருவோடு வந்த மரவிதைகள் குழிகளில் முளைத்தபோது அவற்றையும் அவர் வெட்டாமல் காத்தார். சிலர் அதற்குத் தீயும் வைத்தனர். அவர் மறுபடியும் நட்டார். காலப்போக்கில் அறுபதுக்கு மேற்பட்ட இன மரங்களும் செடிகளும் கொண்ட காடு அங்கே எழுந்தது. 1984 முதல் தம் நிலத்திலேயே ஆண்டுதோறும் சந்தை கூட்டி, பல ஊர் உழவர்களை வரவழைத்து விதைகளையும் அனுபவத்தையும் பரிமாறச் செய்தார். 1989இல் அண்டை நாடான நைஜரின் இல்லேலா வட்டாரத்திலிருந்து 13 உழவர்கள் யாதெங்காவுக்கு வந்து பார்த்தனர். திரும்பிப் போய்த் தம் நிலத்தில் வெட்டினர். அங்கே அதற்கு "தஸ்ஸா" என்று பெயர்.

தண்ணீர்க் குழாயும் கல்வரிசையும்

இதே யாதெங்காவில் 1962 முதல் 1965 வரை ஒரு பெரும் திட்டம் நடந்தது. இயந்திரங்களைக் கொண்டு ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் மண் வரப்புகள் போடப்பட்டன. ஆனால் உழவரை யாரும் கேட்கவில்லை. ஆகவே அவர்கள் அவற்றைப் பராமரிக்கவும் இல்லை. சில ஆண்டுகளில் வரப்புகள் கரைந்து போயின.

1979இல் ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் அங்கே வேறொரு முயற்சியைத் தொடங்கியது. மரம் வளர்ப்பதே அதன் முதல் நோக்கம். உழவர்களோ, "மரம் இருக்கட்டும், முதலில் சோற்றுக்கு வழி வேண்டும்" என்றனர். இம்முறை அவர்கள் பேச்சு கேட்கப்பட்டது. நிலத்தின் குறுக்கே கற்களை வரிசையாக அடுக்குவது அவர்கள் முன்பே அறிந்த முறை. கல்வரிசை நீரைத் தடுத்து நிறுத்துவதில்லை. வேகத்தைக் குறைத்துப் பரவலாக்குகிறது. வண்டலும் சருகும் அங்கே தங்கிவிடுகின்றன.

இதில் ஒரு சிக்கல். கல்வரிசை சரியாக ஒரே மட்டத்தில் செல்ல வேண்டும். அந்நிலத்தின் சரிவோ கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிது. இதற்குக் கண்ட தீர்வு உங்களுக்குப் பழக்கமானதே. நம் ஊர்க் கொத்தனார்கள் ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அதே குழாய்தான்! இரண்டு கம்புகளில் குழாயின் இரு முனைகளையும் கட்டிக்கொண்டு, எழுத்தறியாத உழவரும் ஒன்றிரண்டு நாளில் மட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டார். இயந்திரங்களால் ஆகாதது தண்ணீர்க் குழாயால் ஆயிற்று.

பூமிக்கடியில் ஒரு காடு

நைஜரின் மராடிப் பகுதியில் மரம் நடும் திட்டங்கள் பல தோற்றன. நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை மடிந்தன. 1983இல் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர், வயல்களில் ஆங்காங்கே தெரிந்த புதர்கள் உண்மையில் வெட்டப்பட்ட மரங்களின் தளிர்கள் என்பதைக் கவனித்தார். அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள் உயிரோடிருந்தன. ஆண்டுதோறும் தளிர்த்தன, ஆண்டுதோறும் வெட்டப்பட்டன. நட வேண்டியதே இல்லை. நல்ல தளிர்களில் சிலவற்றை விட்டுவைத்துக் கவாத்து செய்தாலே போதும்.

ஆனால் உழவர் ஏன் விட்டுவைக்கவில்லை? பிரெஞ்சு ஆட்சிக்காலம் முதல் மரங்கள் அரசின் சொத்தாகக் கருதப்பட்டன. தன் வயலில் தானே வளர்த்த மரத்தை வெட்டினாலும் உழவருக்கு அபராதம். தனக்கு உரிமையில்லாத மரத்தை யார் வளர்ப்பார்? 1980களின் நடுவிலிருந்து இக்கெடுபிடி தளர்ந்தது. அதன்பின் நடந்தது வியப்புக்குரியது. விமானப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், தெற்கு நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரங்கள் மீண்டிருப்பதை 2000த்துக்குப் பின் உறுதி செய்தனர்.

இம்மரங்களில் "காவோ" என்பது தனிச்சிறப்புடையது. நம் வேலமரத்துக்கு உறவினமான இது, மழைக்காலத்தில் இலையுதிர்த்துக் கோடையில் தழைக்கும்! ஆகவே பயிர் நிற்கும்போது நிழலால் இடையூறில்லை. உதிர்ந்த இலை எருவாகிறது. வேர் நைட்ரஜனைச் சேர்க்கிறது. கோடையில் காய் கால்நடைகளுக்குத் தீனியாகிறது. சவடோகோவுக்கும் ரினாடோவுக்கும் 2018இல் ஸ்வீடனின் "ரைட் லைவ்லிஹுட்" விருது வழங்கப்பட்டது.

மழை திரும்பியது, ஆனால் அதே மழையன்று

1990களிலிருந்து சாகேலின் மொத்த மழை ஓரளவு மீண்டிருக்கிறது. இருந்தும் பல ஊர்களில் உழவர்கள் "மழை சரியில்லை" என்றே சொல்லி வந்தனர். அவர்கள் நினைவு பிழையா? அப்படி முடிவு கட்டுவதற்கு முன் மழைமானியைச் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் பதிவுகளை ஆராய்ந்த கிறிஸ் டெய்லர் குழுவினர், சாகேலில் கடும் புயல்மழைகளின் எண்ணிக்கை 1982க்குப் பின் மூன்று மடங்காகியிருப்பதை 2017இல் அறிவித்தனர். புர்க்கினா ஃபாசோவின் தலைநகரான வாகடூகுவில் 2009 செப்டம்பர் 1ஆம் நாள் ஒன்றில் மட்டும் 263 மில்லிமீட்டர் கொட்டியது. புவி வெப்பமடைவதால் காற்று ஏந்தும் நீராவி மிகுகிறது. சகாராவும் மேலும் சூடேறுகிறது. இவை புயல்களுக்கு உரமூட்டுகின்றன. பத்து நாளில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டினால் ஆண்டுக் கணக்கில் மழை "சராசரி" என்று பதிவாகும். ஆனால் பயிரின் வேர் அந்தச் சராசரியைக் குடிப்பதில்லை.

அதே சமயம், உழவர் உணர்வை அப்படியே தட்பவெப்பச் சான்றாகக் கொள்ளவும் கூடாது. செனகலில் நடத்திய ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. தட்பவெப்பநிலை பற்றிக் கேட்டபோது, எல்லா மாற்றத்துக்கும் உழவர்கள் அதனையே காரணமாகச் சொன்னார்கள். பொதுவாக வாழ்க்கை பற்றிக் கேட்டபோதோ விலைவாசி, அரசியல், குடும்பம் என்று வேறு காரணங்கள் முன்னே வந்தன. கேள்வி எப்படியோ விடையும் அப்படி. மண் வளம் குன்றியதும், நிலத்தைத் தரிசாக விடும் காலம் சுருங்கியதும்கூட "மழைக் குறை" போலத் தோன்றலாம். ஆகவே மழைமானியும் வேண்டும். உழவர் நினைவும் வேண்டும். ஒன்று மற்றதன் குறையைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு முன்னறிவிப்புகள்

மழை எப்படியிருக்கும் என்று கணிக்க உழவருக்கென்று அடையாளங்கள் உண்டு. முன்பனிக் காலக் குளிர் எவ்வளவு கடுமை, எத்தனை நாள் நீடித்தது, குறிப்பிட்ட மரங்கள் எவ்வளவு காய்த்தன, பறவைகள் எங்கே கூடு கட்டின என்பவற்றைப் புர்க்கினா ஃபாசோ உழவர்கள் கவனித்து வருவதை மானிடவியல் அறிஞர் கார்லா ரான்கோலியும் உடன் பணியாற்றியோரும் 2002இல் விரிவாக எழுதினர். 1998 முதல் விஞ்ஞானிகளும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பருவ முன்னறிவிப்பு வெளியிடத் தொடங்கினர். ஜூலை முதல் செப்டம்பர் வரை மொத்த மழை மிகுமா, குறையுமா என்பதற்கான வாய்ப்பை அது கூறியது. உழவர் கேட்டதோ, "எப்போது தொடங்கும்? எங்கே இடைவெளி விழும்? எப்போது முடியும்?" என்பதை. இந்த இடைவெளியை நிரப்பும் வழியை மாலி நாடு 1982இலேயே காட்டியது. அங்கே வானிலைத் துறையினர் உழவர் கையிலேயே மழைமானியைக் கொடுத்தனர். எவ்வளவு பெய்தபின் எதை விதைக்கலாம் என்பதை அட்டவணையிட்டு, வானொலியிலும் அறிவித்தனர்.

குழி மட்டும் போதுமா?

சாகேல் உழவரின் வெற்றியைக் கண்டு, எது வந்தாலும் உழவர் சமாளித்துக்கொள்வார் என்று நாம் இருந்துவிடலாகாது. குழி வெட்ட ஆள் வேண்டும். எருவுக்குக் கால்நடை வேண்டும். இரண்டும் இல்லாத ஏழைக்கு "சாய்" எட்டாக்கனி. நிலத்தில் உரிமை வேண்டும். சவடோகோ வளர்த்த காட்டின் ஒரு பகுதியே நகர விரிவாக்கத்தில் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக அமைதி வேண்டும். ஆயுத மோதல்களால் புர்க்கினா ஃபாசோவில் இடம்பெயர்ந்தோர் 2023இல் அரசுக் கணக்குப்படியே 20 லட்சத்துக்கு மேல். அவர்களுள் பெரும்பாலோர் உழவர்கள். நாற்பது ஆண்டுகள் பாடுபட்டுத் திருத்திய நிலங்களும் அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் உண்டு. சவடோகோ அதே 2023ஆம் ஆண்டின் இறுதியில் காலமானார்.

மாணவர்களே, இதிலிருந்து நீங்கள் செய்து பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. நேரான பக்கமுள்ள ஒரு கண்ணாடிக் குப்பியைத் திறந்த வெளியில் வையுங்கள். ஒவ்வொரு மழைக்கும் நின்ற நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து, தேதியுடன் குறித்து வாருங்கள். மறுநாளே தரையை ஒரு சாண் தோண்டி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையும் குறியுங்கள். முதல் எண் வானிலை நிலையத்தின் கணக்கு. இரண்டாவது உழவரின் கணக்கு. இரண்டும் எந்த மழையில் ஒத்துப்போகின்றன, எந்த மழையில் பிரிகின்றன என்று ஒரு பருவம் முழுவதும் எழுதிய பின், உங்கள் ஊரில் மூத்த உழவர் ஒருவரிடம் அந்த ஏட்டைக் காட்டிப் பேசிப் பாருங்கள்.